எண்ணூரிலிருந்து வடக்கே: பக்கிங்ஹாம் கால்வாயில் நெடும்பயணம் கிளம்புவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கிங்ஹாம் கால்வாயின் வடபகுதி, ஆந்திராவின் பெதகஞ்சாமில் தொடங்கிச் சென்னை வரை 316 கிலோமீட்டர். பெதகஞ்சாமுக்கு அப்பால் கொம்மமூர் கால்வாய், ஏலூரு கால்வாய், காக்கிநாடா கால்வாய் என்று காக்கிநாடா வரை தொடர்ச்சி உண்டு. 2008-ல் இவை எல்லாவற்றையும் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளோடு சேர்த்து, 1078 கிலோமீட்டர் நீளத்துக்குத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஒரே கோடுதான். தண்ணீரில் இறங்கினால் அது துண்டு துண்டாக இருக்கிறது: ஓர் இடத்தில் நன்றாக ஓடும் உப்பங்கழி, ஓர் இடத்தில் முட்டியளவு சேறு, ஓர் இடத்தில் சாக்கடை. 1965-66 புயல்களும் 1976 புயலும் கால்வாயை உடைத்துப்போட்ட பிறகு சரக்குப் படகுகள் நின்றுபோயின. அதன்பின் முழு நீளத்துக்கும் யாரும் சரியாகத் தூர்வாரவில்லை.

அதனால் நெடும்பயணம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதல் துண்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு அந்தத் துண்டு வாசலிலேயே இருக்கிறது: எண்ணூர் கழிமுகத்திலிருந்து பழவேற்காடு வரை, 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தூரம் தேறினால்தான் மேற்கொண்டு ஏரி, ஆந்திரா, கிருஷ்ணா எல்லாம். இது தேறுமா தேறாதா என்பது படகில் ஏறிய பிறகு முடிவாவதில்லை. அதற்கு முன் சில வாரங்கள் கரையில் நீங்கள் செய்யும் வேலையில்தான் இருக்கிறது.

ஏன் பேசின் பிரிட்ஜில் ஆரம்பிக்கக் கூடாது

வரலாற்றுப்படி பார்த்தால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைலுக்கு வெட்டியதுதான் முதல் கால்வாய். 1837-ல் அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கும் தெற்கும் நீட்டியது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களை வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். பசியோடு வந்தவர்கள் வெட்டிய அந்தக் கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வந்தது. ஸ்ரீஹரிகோட்டா விறகும், உப்பும், கிளிஞ்சலும் இந்த வழியாகத்தான் நகரத்துக்கு வந்தன.

இன்று பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஓடுவது கழிவுநீர். ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும், பாலங்கள் தாழ்வு, தண்ணீர் தோலில் பட்டாலே அரிப்பு வரும். நகரத்துக்குத் தெற்கே பறக்கும் ரயில் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. நகரத்தின் நடுவிலிருந்து கிளம்பினோம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்காக நாலு நாள் காய்ச்சலில் படுக்க வேண்டாம். அந்தப் பகுதியைக் கரையோரமாக நடந்து பாருங்கள், மனசுக்கு அது போதும். படகை எண்ணூரில் இறக்குங்கள்.

எந்த மாதம்

பிப்ரவரி. இன்னும் விரித்துச் சொன்னால் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்று எதிரில் அடிக்கும், புயல் பயம் வேறு, கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்தால் கழிமுகத்தில் படகு நிற்காது. ஏப்ரல், மே மாதங்களில் பழவேற்காடு ஏரி வற்ற ஆரம்பிக்கும், முகத்துவாரத்தில் மணல் ஏறும், வெயிலைச் சொல்லவே வேண்டாம். பிப்ரவரியில் மழைத் தண்ணீர் ஏரியில் இன்னும் நிற்கும், வாடை அடங்கியிருக்கும். பூநாரைகள் ஏரியில் இருக்கும் காலமும் அதுதான்.

முதல் வேலை: கரையில் நடப்பது

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிக் கால்வாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கிறது. பைக் இருந்தால் மீஞ்சூர், காட்டூர் வழியாகவே முழுத் தூரத்தையும் பார்த்துவிடலாம்.

பார்க்க வேண்டியது இரண்டுதான். ஒன்று, பாலங்களும் குழாய்களும். கழிமுகத்தில் ரயில் பாலம், சாலைப் பாலம், அனல்மின் நிலையக் குழாய்கள் என்று வரிசையாகக் குறுக்கே வரும். தண்ணீர் முழுதாக ஏறியிருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி மேலிருந்து இறக்கி அளந்தால் போதும். தண்ணீர் ஏறினால்தான் சேற்றைத் தாண்ட முடியும், அதே தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் தலை இடிக்கும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் படகு நுழைகிற நேரம் எது என்பதை இந்த நடையில்தான் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாவது, இறங்கு இடங்கள். மோட்டார் நின்றுபோனாலோ, கூட வந்தவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ எந்த இடத்தில் கரை ஏறினால் ரோடு கிடைக்கும் என்று குறித்து வையுங்கள். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை: ஆற்றுக்காரர்களோடு பேசுவது

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் அகலமாகத் தெரிகிற தண்ணீரில் முக்கால்வாசி சாம்பல் படிந்த மேடு. எது ஓடை, எது மேடு என்று தெரிந்தவர்கள் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள்தான். அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சூடான தண்ணீரும் தங்கள் ஆற்றை எப்படி மாற்றின என்று வருஷக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இந்தக் கால்வாய் வழியாக இறங்கியபோது, படகும் வலையும் கறுத்துப்போய் முதலில் பிழைப்பை இழந்தவர்களும் அவர்களே. அந்த ஆற்றில் பொழுதுபோக்காகப் படகு விடப்போகிற நாம், போய் மரியாதையாகக் கேட்டுவிட்டு இறங்குவதுதான் முறை.

காலையில் வலை பிரிக்கும் நேரத்தில் போங்கள், கை வேலையாக இருந்தாலும் பேசுவார்கள். "அண்ணா, எந்தப் பக்கமா போனா தண்ணி இருக்கும்?" என்று கேட்டால் கையாலேயே வரைந்து காட்டுவார்கள். "இந்த மேட்டுப் பக்கம் போவாத தம்பி, வத்துற தண்ணில மாட்டுனா சேத்துல குந்திக்கும், அப்புறம் ராவு ஏத்தத்துக்குத்தான் கெளம்புவ" என்பது மாதிரி ஒரு வாக்கியம் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. பேசிப் பழகிய பின், முதல் நாள் பயணத்துக்கு அவர்களில் ஒருவரைக் கூலி பேசி உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார், அதற்கு ஏற்ற மாதிரி கொடுங்கள். பேரம் பேசுகிற இடம் இது இல்லை.

பழவேற்காட்டுப் பக்கத்தில் பாடு முறை இருக்கிறது. எந்த ஊர்த் தலைக்கட்டு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொண்டு வருகிறார்கள். குச்சி நட்டுக் கட்டிய வலை தண்ணீரின் குறுக்கே நிற்கும். அதை மோட்டாரால் கிழித்தால் ஒரு குடும்பம் தன் முறைக்காகக் காத்திருந்த நாளே போய்விடும். குச்சி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, கரையில் ஆள் இருந்தால் கையைக் காட்டிக் கேட்டு, அவர் சொல்லும் பக்கமாகப் போங்கள்.

இன்னொன்று. காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஓரங்களில் இருளர் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் கூடையான பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், தலை மட்டும்தான் வெளியே தெரியும். காலை வெயிலில் தண்ணீர் பளபளக்கும்போது அந்தத் தலை கண்ணில் படாது. ஓரத்தில் போகும்போது மோட்டாரை நிறுத்தித் துடுப்புப் போடுங்கள்.

அனுமதி

சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம், ஆகவே வனத்துறையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கால்வாய் நீர்வளத் துறையுடையது. எண்ணூர், காட்டூர், திருப்பாலைவனம் காவல் நிலையங்களிலும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் பயணத் தேதி, ஆட்கள் பெயர், படகு அடையாளம் எழுதிக் கொடுங்கள். மோட்டார் வைத்த படகு என்றால் பதிவு வேண்டும். உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு 2021-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. கிழக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன, அவற்றின் எல்லைக்குள் போகவும் படம் எடுக்கவும் கூடாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அனுமதியில் இழுத்தடித்தால் கோபப்படாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஊரில் யாரும் அதை மறக்கவில்லை. உங்கள் திட்டத்தில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றவில்லை, முகத்துவாரத்துக்குப் போகவில்லை என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள்.

படகு

தட்டையான அடி, கனம் குறைவு, முழுச் சுமையோடும் ஒரு அடிக்குள் மூழ்குவது. இந்த மூன்றும் இருந்தால் போதும். உப்பங்கழியில் ஓடுகிற சிறு ஃபைபர் படகு இரண்டு மூன்று பேருக்கு ஏற்றது. தனியாளாக, உடம்பு வலுவோடு போகிறவர்களுக்குக் கயாக். கடலுக்குப் போகும் பெரிய ஃபைபர் படகை வாடகைக்குத் தருகிறேன் என்பார்கள். அலைக்கு அது அருமையான படகு, சேற்றில் அதைத் தள்ள ஆறு பேர் வேண்டும்.

சிறிய அவுட்போர்ட் மோட்டார், தண்டு தூக்கி வைக்கும் வசதியோடு. மோட்டாருக்குப் பின்னால் ஒரு மெல்லிய நீர்க்கோடு விழுந்துகொண்டே இருக்கும். அதன் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். மோட்டாரைக் குளிரவைக்கிற தண்ணீர் அது. மேடு தட்டிச் சேற்றை உறிஞ்சினால் அந்தக் கோடு மெலியும், பிறகு நின்றுபோகும். அந்த நிமிஷமே அணைக்க வேண்டும். மெல்லிய கம்பியால் அந்தத் தண்ணீர் வரும் துளையைக் குத்தி, பக்கெட்டில் தெளிந்த தண்ணீர் வைத்து ஓட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் மறுபடி கிளப்ப வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் பம்ப் எரிந்துவிடும், மீதித் தூரம் கழிதான்.

கழி என்றதும் ஞாபகம் வருகிறது: பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் ஒன்று கட்டாயம். அடிக்கு ஒரு கோடாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டால் அதுவே ஆழமானி. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கம், ஒருவர் உட்கார்ந்து கழியால் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர, பின்பக்கம் அமரத்தில் இருப்பவர் ஓட்ட வேண்டும். நங்கூரம், கயிறு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும். மலிவான லைஃப் ஜாக்கெட்டை வாங்கிவிடாதீர்கள், ஒருமுறை போட்டுத் தண்ணீரில் மிதந்து பாருங்கள்.

குடிதண்ணீர் வழியில் கிடையாது, முழுக்க உப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். பெட்ரோலும் அப்படித்தான், சோதனை ஓட்டத்தில் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து, தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எடுங்கள். சேற்றுக்கு அடியில் மட்டிச் சிப்பி பிளேடு மாதிரி இருக்கும், ஆகவே கணுக்கால் வரை இறுக்கிக் கட்டும் கெட்டியான ஷூ வேண்டும். அவசரத்துக்கு 112, கடலோரக் காவல் படைக்கு 1554. எண்களைப் படகுப் பலகையிலேயே எழுதி வையுங்கள், போன் நனைந்துபோகலாம்.

தண்ணீர்க் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

நம் கடற்கரையில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் பன்னிரண்டரை மணி நேரம். அதனால் ஒவ்வொரு நாளும் அது ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமி ஒட்டி இரண்டும் மந்தம். சென்னைக்கான ஏற்ற இறக்க அட்டவணை ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிறுவனத்திடம் கிடைக்கிறது. ஆனால் அது கடலோர நேரம். உப்பங்கழிக்குள் போகப் போக நேரம் பிந்தும். எவ்வளவு பிந்துகிறது என்பதை நீங்கள்தான் கரையில் குச்சி நட்டு, அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முழுப் பகல் உட்கார்ந்தால் போதும்.

எண்ணூர்–பழவேற்காடு துண்டில் ஒரு விசேஷம் உண்டு. இரண்டு முனையிலும் முகத்துவாரம். இரண்டும் திறந்திருக்கும்போது கடல் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே ஏறும், இரண்டு பக்கமாகவும் இறங்கும். ஆகவே எண்ணூரில் தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு கிளம்பினால் முதல் பாதித் தூரம் நீரோட்டம் உங்களைத் தள்ளும். நடுவில் போய்ச் சேரும்போது ஏற்றம் உச்சத்தில் இருக்கும். அங்கேயே சாப்பிட்டு ஓய்வெடுங்கள். வற்ற ஆரம்பித்ததும் பழவேற்காட்டுப் பக்கமாக இறங்கும் தண்ணீரோடு மீதித் தூரம்.

ஏறும் தண்ணீரில் மேடு தட்டினால் கவலையில்லை, கால் மணி நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும் தண்ணீரில் தட்டினால் வந்த வழியே உடனே பின்வாங்குங்கள், ஒரு நிமிஷம் தாமதித்தாலும் அடுத்த ஏற்றம் வரை அங்கேதான். பௌர்ணமி உச்சத்தில் மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் இன்னும் மோசம், அடுத்தடுத்த ஏற்றங்கள் அந்த உயரத்துக்கு வராமலே போகலாம். அதனால் முதல் பயணத்துக்கு அமாவாசையோ பௌர்ணமியோ வரப்போகிற, இரண்டு மூன்று நாள் முந்தைய தேதிகளைத் தேர்ந்தெடுங்கள். இன்று மாட்டினாலும் நாளைய ஏற்றம் பெரியது. மாட்டிக்கொண்டால் படகைவிட்டு இறங்கித் தள்ளாதீர்கள். இடுப்பு வரை இழுக்கும் சேறு அது. நங்கூரத்தைப் போட்டு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருங்கள்.

கிளம்பும் நாள்

முந்தின நாள் மாலையே படகைக் கரையில் கொண்டுவந்து, சாமான்களை இரண்டு பக்கமும் கனம் பார்த்து அடுக்கிக் கட்டுங்கள். வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள், இருட்டில் வலைக்குச்சி தெரியாது. பாலங்களைத் தாண்டும் வரை துடுப்பு மட்டும். அனல்மின் நிலையத்திலிருந்து வெந்நீர் விழும் இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும், எதிர்க்கரையை ஒட்டிப் போங்கள். எக்காரணத்தைக் கொண்டும் கிழக்கே முகத்துவாரத்துக்கு, அலை சத்தம் கேட்கும் பக்கம் போகாதீர்கள்.

அதற்கு வடக்கே கால்வாய் ஓரளவு நேராக ஓடும். உப்பளம், சவுக்குத் தோப்பு, அலையாத்திச் செடிகள் என்று கரை மாறிக்கொண்டே வரும். புகைபோக்கிகள் முதுகுப் பக்கம் போனதும் நாரையும் கொக்கும் அதிகமாகும். சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு தண்ணீர் இன்னும் மிச்சமிருப்பதை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கடல்காற்று எழும். அதற்குள் முக்கால் தூரம் கடந்திருப்பது நல்லது.

பழவேற்காட்டில்

அங்கே ஒரு நாள் முழுதாகத் தங்குங்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டை இருந்த இடமும், எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு டச்சுக் கல்லறையும் அங்கேதான். அதைவிட முக்கியம், ஏரிக்கு வேறு வழிகாட்டி வேண்டும். எண்ணூரிலிருந்து வந்தவருக்கு எண்ணூர் ஆறுதான் தெரியும். அவரைப் பொன்னேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஏரியில் தொழில் செய்யும் ஒருவரைப் பிடியுங்கள்.

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது. நீளம் 60 கிலோமீட்டர் அளவு, சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். ஆழமில்லாத அகலமான தண்ணீரில் காற்று அடித்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து எழும். சின்னப் படகுக்குக் கடல் அலையைவிட அது தொல்லை. விடியும்போது கிளம்பி, காற்று எழுமுன் கரை சேர்ந்துவிட வேண்டும். பூநாரைக் கூட்டத்தைப் படகால் துரத்திப் பறக்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள், மேய்கிற நேரத்தில் பறக்கவைத்தால் அவற்றின் வலுதான் வீணாகும்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் வருகிறது. மீன்பிடி எல்லைக்காக இரு பக்கத்து ஊர்களுக்கும் சண்டை நடந்ததுண்டு, ஆகவே படகில் வலை, தூண்டில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்ரீஹரிகோட்டா கரையில் கால் வைக்கக் கூடாது. ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களையே தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், எனவே இஸ்ரோவின் ஏவுதல் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். மேற்கே தடாவுக்குப் பக்கத்தில் பீமுலவாரிபாளையம் படகுத்துறை. தமிழ் பேசுகிற இருக்கம் தீவுக்காரர்கள் போய்வரும் துறை அது. முதல் கட்டத்தை அங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

தடாவுக்கு அப்பால்

அதற்கு வடக்கே சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டுகிறது. வடபகுதி வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே படகை இழுத்துக்கொண்டு திண்டாடுவதைவிட, தடாவில் ஒரு மினி லாரி பிடித்துத் தேசிய நெடுஞ்சாலை 16 வழியாக நெல்லூர்ப் பக்கம் கொண்டுபோய் மறுபடி கால்வாயில் இறக்குவதே என் யோசனை. நடுவில் லாரி ஏறினால் பயணம் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், இந்த நீர்வழி இன்று இருக்கும் நிலைக்கு அதுதான் நடைமுறை.

லாரி ஏற்றுமுன் அடுத்த துண்டுக்கும் இதே வேலை உண்டு: பஸ்ஸிலோ ரயிலிலோ முன்கூட்டிப் போய்க் கிருஷ்ணாபட்டணம் தொடங்கி வடக்கே பாலங்களைப் பாருங்கள், பென்னாறு கால்வாயைக் கடக்கும் இடத்தில் மணல்மேடு எப்படி என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். தெலுங்கு பேசத் தெரிந்த ஒருவர் கூட வருவது நல்லது. பெதகஞ்சாமுக்கு மேல் கொம்மமூர் பாசனக் கால்வாய், அங்கே கடல் ஏற்றம் வேலை செய்யாது. கிருஷ்ணாவிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் ஆழம், அதுவும் உங்களுக்கு எதிராக ஓடும் தண்ணீர். அந்தத் துண்டுக்குத் தேதி குறிக்கும்போது அமாவாசை பார்க்க வேண்டாம், பாசன அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.